துளி எண் பதினேழின் இருப்பு நிலை

எங்கள் நிலையத்துக்குள் காற்று வரவேண்டுமென்றால்கூட வாசலில் பதிய வேண்டும். கேலிக்குச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கான காற்று சுவரில் துளைத்த ஒரு குழாய் வழியாக உள்ளே வருகிறது என்பதைப் பாதுகாப்புப் பிரிவு ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு பொருள், வாசல் பதிவேட்டில் ஏறாமல், பத்தொன்பது வருடமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு பெரிய ஓட்டை! அன்றுமுதல் காலை ஒன்பதரைக்கு வாயிற்காவலர் ‘காற்று - உள்ளே’ என்று எழுதுகிறார். மாலை ஐந்தரைக்கு ‘காற்று - வெளியே’ என்று எழுதுகிறார். நடுவில் வடிதாளில் தங்கிவிடும் தூசு எங்கே போயிற்று என்று கேட்டு எனக்கு இதுவரை ஏழு குறிப்பாணைகள் வந்திருக்கின்றன. ஏழுக்கும் மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறேன். எட்டாவதும் வரும், எங்கே போய்விடப் போகிறது.

நான் அங்கே டெக்னீஷியன். நிலையத்தில் என்னதான் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன்: காற்றில் மிதக்கிற தூசின் மீதும் துளியின் மீதும் ஒளியை அடிப்போம், அடித்தால் அதிலிருந்து எலக்ட்ரான் கழன்று வருகிறதா என்று பார்ப்போம். புகைக்கரி என்றால் தாராளமாக வரும். சுத்தத் தண்ணீர் என்றால் லேசில் விடாது, அவ்வளவு கஞ்சம். மனிதர் மூச்சில் வருகிற துளி இரண்டுக்கும் நடுவில். அதில் உப்பு இருக்கும், உடம்பின் கொழுப்பு ஒரு துளியூண்டு மேலே படர்ந்திருக்கும். ஒரு தடவை விளக்கு மின்னினால் ஒன்றோ இரண்டோ எலக்ட்ரான் போகும்.

இதற்கென்று ஒரு பித்தளைக் கூண்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் ஒரு வளையம். மின்சாரத்தின் தயவில் ஒரே ஒரு துளியை அந்தரத்தில் நிறுத்தி வைக்கலாம். காய்ந்துபோகாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு ஈரக் குப்பி. விளக்கு மின்னி எலக்ட்ரான் போனால் துளியின் மின்னேற்றம் கூடும், கூடினால் துளி மேலே எழும்பும். உடனே குமிழைத் திருகி வோல்டேஜைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் மேல்தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. அந்தக் குமிழைத் திருகுவதுதான் என் உத்தியோகம். எவ்வளவு திருகினேன் என்பதை வைத்து எத்தனை எலக்ட்ரான் போயிற்று என்று ஆராய்ச்சி டாக்டர்கள் சொல்வார்கள், கட்டுரை எழுதுவார்கள், வெளிநாடு போவார்கள். நான் திருகுவேன்.

கூண்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கையேட்டில் கிடையாது. நுழைகுழாயில் வாயை வைத்து ஒரு ஊது ஊதுவோம். நூறு துளி போகும், ஒன்று நிற்கும். நின்றால் கூண்டு நலம்.

வருடத்துக்கு ஒரு நாள் குடும்ப நாள் என்று பணியாளர்களின் வீட்டாரை உள்ளே விடுவார்கள். போன வருடம் என் மனைவி வந்தாள். அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலை. கணீரென்ற குரல். கூண்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்குள்ள என்ன இருக்கு?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல. ஊதினா வரும்.”

“இதைத்தான் பத்தொன்பது வருஷமா செய்யறீங்களா? வீட்டுக்கு வந்து ஒடம்பெல்லாம் வலிக்குதுன்னு சொல்றீங்க?”

“நீ ஒரு தடவை ஊது. அப்புறம் பேசு.”

ஊதினாள். கூண்டின் கேமராத் திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி வந்து நின்றது. “நானா அது?” என்றாள். நீதான் என்றேன். “கொஞ்சம் குண்டாத் தெரியறேன்” என்றாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் டாக்டர் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார்: துளி எண் 17. மற்றத் துளிகள் இரண்டு நாள், மூன்று நாள், மீறிப்போனால் ஒரு வாரம். ஏதாவது ஒரு மின்தடையில் விழுந்துவிடும். பதினேழு விழவில்லை.

அவள் ஊதிவிட்டுப் போன நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் டோக்கன் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டாள். நாற்பத்து மூன்றைக் கூப்பிடவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சுற்றி அத்தனை டாக்டர்கள் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்பத்து மூன்றாம் நம்பர்க்காரர் ஒரு வயதானவர், அவர்தான் அவளைத் தாங்கிப் பிடித்தாராம்.

விடுப்பு முடிந்து நான் திரும்பிய அன்று அந்தப் புது டாக்டர் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். நேரே கூண்டு அறைக்குக் கூட்டிப்போனார்.

“நான் அதை இறக்கல அண்ணா. தினம் நானே வந்து குப்பியில தண்ணி ஊத்தினேன். வேற துளி போடச் சொன்னாங்க, கூண்டு ரிப்பேர்னு சொல்லிட்டேன்.”

திரையில் அந்தப் புள்ளி அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். அவள் போன பிறகு அன்றுதான் எனக்கு அழுகையே வந்தது.

இனி என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கேட்காமல் அவருடைய ஒரே மகள் என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதால் ஆறு வருடமாக அவளிடம் பேசவில்லை. என்னைத் ‘தூசி எண்ணுற பயல்’ என்று சொன்னதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் செய்வாள். அவர் எடுப்பார். எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார், ஒரு வார்த்தை பேச மாட்டார். இவள் பாட்டுக்கு வீட்டுக் கதை, ஆஸ்பத்திரிக் கதை எல்லாம் சொல்லிவிட்டு வைப்பாள். “பேசினாரா?” என்று கேட்பேன். “இல்ல. ஆனா இருந்தாரு” என்பாள். ஒரு தடவையாவது அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கேட்காமலே போய்விட்டாள். அவர் எல்லாம் முடிந்த பிறகு வந்து, எங்கள் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மறு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. யாரென்று தெரிந்துவிட்டது. எனக்குச் சொல்ல வீட்டுக் கதை எதுவும் இல்லாததால் துளியைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய மூச்சில் வந்தது, இன்னும் நிற்கிறது, விழவில்லை என்றேன். ரொம்ப நேரம் கழித்து, ஆறு வருடத்தில் முதல் முறையாக, அவர் குரலைக் கேட்டேன்.

“அதை நான் பாக்கலாமா?”

பார்க்கலாம் மாமா என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

எங்கள் நிர்வாக அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை. மேசையில் பதினாலு முத்திரைகளை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பார். கெட்ட மனிதர் அல்ல. யாருக்கும் முடியாது என்று சொல்லவே மாட்டார், அதுதான் அவரிடம் உள்ள பிரச்சினை. என் விண்ணப்பத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தார்.

“‘பார்க்க விரும்பும் நபர்’னு இருக்கிற இடத்துல ‘மகள்’னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா சார். அவரோட மகள்.”

“மகள் இங்க வேலை பாக்கறாங்களா?”

“இல்ல சார். துளியா இருக்காங்க.”

அவர் சிரிக்கவில்லை. “துளின்னா ‘பொருள்’னு வரும். பொருளைப் பாக்கணும்னா இருப்புப் பதிவேட்டு எண் வேணும். நபரைப் பாக்கணும்னா பணியாளர் எண் வேணும். உங்க மனைவிங்கற முறையில குடும்ப அட்டை இருந்தது. அதை நீங்க போன மாசம் ஒப்படைச்சிட்டீங்க.”

“நீங்கதான சார் கேட்டு வாங்கினீங்க?”

“விதிப்படி வாங்கினேன். எனக்கும் வருத்தம்தான். குடும்ப நாள் அன்னிக்கு அழைச்சிட்டு வாங்களேன், படிவமே வேண்டாம்.”

குடும்ப நாளுக்கு ஏழு மாதம் இருந்தது. துளி அதுவரை நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, இதற்கு ஒரு குழு போடலாம் என்றார். எனக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

துளி நிலை நிர்ணயக் குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் துளி எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார்கள். கூண்டு அறையில் என்றேன். அறையில் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றார்கள். இல்லை, அந்தரத்தில் நிற்கிறது என்றேன். அப்படியானால் அதற்கு இட ஒதுக்கீட்டு அனுமதி தேவையில்லை என்று ஒருமனதாக முடிவு செய்து தேநீர் குடித்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் எடை. ஒரு கிராமில் நூறு கோடியில் நாலு பங்கு என்று புது டாக்டர் சொன்னார். இருப்புப் பிரிவின் கம்ப்யூட்டர் ஒரு கிராமுக்குக் கீழே எதையும் ஏற்காது. பூஜ்யம் என்று பதிந்தார்கள். அடுத்த வாரமே தணிக்கையிலிருந்து ஆட்சேபம் வந்தது: பூஜ்யம் இருப்புள்ள ஒரு பொருளுக்கு இருபத்துநாலு மணி நேரமும் தடையில்லா மின்சாரம் எதற்கு? ஆகவே எடையை விட்டுவிட்டு எண்ணிக்கையில் பதிந்தார்கள். துளி, ஒன்று. பதிந்தால் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். ஸ்டிக்கர் துளியைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. ஒட்டும் ஊழியர் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து தலையைச் சொறிந்துவிட்டு, கடைசியில் கூண்டின் கண்ணாடிச் சன்னல் மேலேயே ஒட்டிவிட்டுப் போனார். அதுவரை கண்ணாலேயே பார்க்கலாம், விளக்கொளியில் ஊசிமுனை போல மின்னும். அதற்குப் பிறகு கேமரா வழியாகத் திரையில்தான். கிழித்தால் அரசுச் சொத்துக்குச் சேதம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு வயதான உறுப்பினர் விழித்துக்கொண்டு, இது மனித உடலிலிருந்து வந்ததல்லவா, கொடுத்தவர் சம்மதக் கையெழுத்து எங்கே என்றார். குழு அதிர்ந்துவிட்டது. முத்திரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்க மனைவி நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

“சார், அவங்க செத்துட்டாங்க. நீங்களே இரங்கல் கடிதம் கொடுத்தீங்க.”

“தெரியும் சார், தெரியாம பேசுவேனா? அதுக்குத்தான் படிவம் ஒன்பது இருக்கு. ‘நேரில் வர இயலாமைக்கான காரணம்’.”

இறப்பு என்று எழுதினேன். எழுதும்போது பேனா ஒரு இடத்தில் மை விடாமல் போய், அந்த வார்த்தையை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. அவர் வாங்கிப் பார்த்தார்.

“அடுத்த கட்டத்தை விட்டுட்டீங்களே. ‘இயலாமை எந்தத் தேதி வரை நீடிக்கும்’?”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“ஏதாவது ஒரு தேதி போடுங்க சார்,” என்றார் தாழ்ந்த குரலில். “காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. என் கையில ஒண்ணும் இல்ல.”

மார்ச் முப்பத்தொன்று என்று போட்டேன். ஏப்ரல் முதல் தேதி அவள் எழுந்து வருவாள் என்பதற்கு எங்கள் நிலையத்தில் முத்திரையிட்ட ஆவணம் இருக்கிறது. அந்தத் தேதி வந்தபோது எனக்குத் தெரியும், வரமாட்டாள் என்று. இருந்தாலும் அன்று காலை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு எவ்வளவு கேவலமானது.

மாமனார் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். “இன்னும் நிக்குதா?” என்று ஒரே கேள்வி. நிற்கிறது மாமா, கடிதம் மேலே போயிருக்கிறது மாமா என்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். அவர் ஊரிலிருந்து இங்கே வர ரயிலில் இரண்டு நாள் ஆகும். பெட்டி கட்டி வைத்திருப்பதாக ஒரு தடவை சொன்னார்.

பத்தாம் மாதம் இயக்குநர் துளியைக் கண்டுபிடித்தார். அதாவது, எங்கள் நிலையத்தில் ஒரு துளி முன்னூறு நாளாக விழாமல் நிற்கிறது என்று ஒரு கோப்பு அவர் மேசைக்குப் போயிற்று. பதினோரு வருட இயக்கத்தில் அவர் சொல்லிக்கொள்ள முதன்முதலாக ஒன்று கிடைத்துவிட்டது. முன்னூற்று அறுபத்தைந்தாவது நாளில் விழா என்று அறிவித்தார். அந்த நாள்தான் குடும்ப நாளும். இடம் போதாது என்பதால் குடும்ப நாள் ரத்து.

நான் முத்திரையிடம் ஓடினேன். அவர் அன்று மலர்ந்த முகத்தோடு இருந்தார். “உங்க மாமனாருக்கு அனுமதி வந்தாச்சு. விழாவுக்கு மறுநாள் காலை பத்து மணி, பத்து நிமிஷம். பொறுப்பாளர்ங்கற முறையில நீங்க ஒரு மீட்டருக்குள்ள நிக்கணும்.”

“முதல் நாளே விட்டுடுங்க சார். விழா முடியறதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?”

“என்ன ஆகும்? அதான் ஸ்டிக்கர் ஒட்டியாச்சே.”

மாமனாருக்குப் போன் செய்தேன். அன்று மாலையே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

விழாவன்று கூண்டு அறையை மாலை போட்டு ஜோடித்திருந்தார்கள். குமிழைச் சுற்றிலும் பட்டு ரிப்பன். தலைமை விருந்தினர் ஒரு பெரிய பதவியில் இருப்பவர், எதில் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அவர் விளக்கின் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துவார், துளி ஓர் எலக்ட்ரானை விடும், எல்லோரும் கை தட்டுவார்கள் என்பது திட்டம். நான் குமிழருகே நின்றேன். படத்தில் விழுகிறேன் என்று சொல்லி என்னைக் கயிற்றுக்குப் பின்னால் அனுப்பினார்கள். குமிழை யார் திருகுவது என்று கேட்டேன். “ஒரு தடவைதானே, தாங்கும்” என்றார் இயக்குநர். அது உண்மைதான். ஒரு தடவை என்றால் தாங்கும்.

பிறகு அவர் பேசினார்.

“நண்பர்களே, இந்தத் துளி ஓராண்டு காலமாக என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை! ஒரே இடத்தில் நின்றது. மேலே போக ஆசைப்படவில்லை, கீழே இறங்கி வரவும் இல்லை. யாரையும் கேள்வி கேட்கவில்லை. நம் பணியாளர் ஒவ்வொருவரும் இப்படி இருக்க வேண்டும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், பதினோரு வருடமாக நான் இப்படித்தான் இருக்கிறேன். ஒளி பட்டால்தான் எதையாவது இழக்க நேரிடும் என்கிறது அறிவியல். நம் நிலையத்தின் மீது இதுவரை எந்த ஒளியும் பட்டதில்லை. ஆகவே நாம் எதையும் இழந்ததில்லை.”

பலத்த கைதட்டல். விருந்தினர் பொத்தானை அழுத்தினார். விளக்கு மின்னியது. திரையில் புள்ளி ஒரு மயிரிழை எழும்பி நின்றது.

“சார், ஃப்ளாஷ் அடிக்கல. இன்னொரு தடவை,” என்றார் போட்டோகிராபர்.

இன்னொரு தடவை. “சார், கண்ணை மூடிட்டீங்க.” இன்னொரு தடவை. இயக்குநரும் விருந்தினரும் விரல் மேல் விரல் வைத்து ஒன்று. விருந்தினரின் மனைவி ஒன்று. துணை இயக்குநர்கள் வரிசையாக. நான் கயிற்றைத் தாண்டப் போனேன். பாதுகாப்புப் பிரிவு ஆள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அவசரப்படாதீங்க, உங்க போட்டோவும் எடுப்பாங்க” என்றார். புது டாக்டர் அந்தப் பக்கத்திலிருந்து, “நிறுத்துங்க, வோல்டேஜைக் குறைக்கணும், நிறுத்துங்க” என்று கத்தினார். வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் கேட்கவில்லை.

பதினாலாவது மின்னலில் புள்ளி திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. திரை காலி.

அதுதான் நிகழ்ச்சியின் உச்சம் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் தோளைப் பிடித்திருந்தவரும் என்னை விட்டுவிட்டுத் தட்டினார்.

விருந்தினர் போன பிறகு கூண்டு அறையில் அவசரக் கூட்டம். இயக்குநர் முகம் வெளிறியிருந்தது. நாளைய பத்திரிகையில் படம் வரப்போகிறது, படத்தின் கீழே ‘இன்றும் நிற்கிறது’ என்று வரப்போகிறது. என்ன செய்வது என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். முத்திரைதான் வழி சொன்னார். கூண்டருகே போய்க் குனிந்து பார்த்தார்.

“ஸ்டிக்கர் இருக்கு சார்.”

“அதனால?”

“பதிவேட்டுல இருக்கறது ஸ்டிக்கர் எண்தான். ஸ்டிக்கர் இருந்தா பொருள் இருக்கு. உள்ள ஒரு துளி இருக்கணும், அவ்வளவுதான். எந்தத் துளின்னு பதிவேட்டுல கேக்கல.”

இயக்குநர் என்னைப் பார்த்தார். “நீங்கதான் பொறுப்பாளர். ஒண்ணு ஊதுங்க. அதுவும் மூச்சுதானே?”

“இது அநியாயம் சார்,” என்றார் புது டாக்டர். “அது இவரோட மனைவி.”

“பதிவேட்டுப்படி அது துளி, ஒன்று,” என்றார் முத்திரை. பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், “காணாமப் போச்சுன்னு எழுதினா விசாரணை. விசாரணைன்னா அறையைப் பூட்டி சீல் வைக்கணும். நாளைக்கு உங்க மாமனார் வராரே?”

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே எனக்காகத்தான் கவலைப்பட்டார்.

மாமனார் அந்நேரம் ரயிலில் இரண்டாவது நாள் உட்கார்ந்திருந்தார். புதுத் துளி போடுமுன் மேல்தட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும், கையேட்டில் நாலாவது படி. ஒட்டிய துளி காய்ந்து உப்பாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எந்த இடத்தில் என்று தெரியாததால் தட்டு முழுவதையும் துடைத்தேன். புது டாக்டர் வெளியே போய்விட்டார். பிறகு குழாயில் வாயை வைத்து ஊதினேன். பத்தொன்பது வருடத்தில் எனக்கு இரண்டு மூன்று தடவை ஊதினால்தான் ஒன்று நிற்கும். அன்று முதல் ஊதலிலேயே நின்றது.

மறுநாள் ஒன்பது மணிக்கே மாமனார் வாசலில் நின்றார். சலவைச் சட்டை, கையில் துணிப்பை. எதிர்பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். வாயிற்காவலர் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும். பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். வழியெல்லாம், உண்மையைச் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அறைக்குள் போய்த் திரையைக் காட்டினேன். வாய் திறக்குமுன் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

“இதா?”

நான் ஸ்டூலை ஒதுக்கி வழி விட்டேன். அவர் கிட்டே போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் இருக்கும்.

“பேசினா கேக்குமா?”

“பேசுங்க மாமா.”

“நீங்க கொஞ்சம் வெளிய...”

“ஒரு மீட்டருக்குள்ள நிக்கணும்னு விதி மாமா.”

அவர் தலையாட்டினார். திரையைப் பார்த்து நேராக நின்றார்.

“நான்தாம்மா. அப்பா.” அதற்கு மேல் வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “நீ போன்ல சொன்னதெல்லாம் கேட்டேம்மா. ஒண்ணு விடல. கூரை ஒழுகினது, அந்த டோக்கன்காரன் உன்னோட சண்டை போட்டது, எல்லாம் ஞாபகம் இருக்கு. மொதல்ல ரோஷம். ஒரு ஆறு மாசம் ரோஷமா இருந்தேன். அப்புறம் அது போயிடுச்சு. இத்தன நாள் பேசாம இருந்துட்டு இப்ப என்னன்னு ஆரம்பிக்கறதுன்னு ஒரே வெக்கம். வர்ற வாரம் பேசிடலாம், வர்ற வாரம் பேசிடலாம்னு இருந்தேன். உன் வீட்டுக்காரர நான் சொன்னது தப்பு. நல்ல மனுஷன்மா. எனக்காக எவ்வளவோ அலைஞ்சிருக்கார். அவர்கிட்டயும் சொல்ல வாய் வரல, உங்கிட்ட சொல்றேன்.”

என் மூச்சுக்கு முன்னால் நின்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் ஒரு மீட்டருக்குள் நின்றேன்.

“எம்மேல கோவமாம்மா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருந்தார். புள்ளி அசையவில்லை. “கோவம்னா அப்படியே இரு. இல்லைன்னா ஒரு தடவை தலையாட்டேன். அப்பா போயிடறேன்.”

அவள் கோபப்பட்டதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கோபமாகப் போனை வைத்ததில்லை. அது எனக்குத் தெரியும், என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் கை குமிழுக்குப் போயிற்று. அவர் கண் திரையிலேயே இருந்தது. கால் சுற்றுத் திருகி, திருப்பினேன். புள்ளி மெல்ல எழும்பி இறங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை செய்தேன்.

அவர் திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது முடிக்கப் பத்து நிமிடம் போதவில்லை. முத்திரை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பஸ் நிறுத்தம்வரை கூடவே போனேன். பஸ் வருகிற நேரத்தில் அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லாரி ஸ்டியரிங் பிடித்த கை, சொரசொரவென்று இருந்தது.

“பாத்தீங்கல்ல மாப்பிள்ளை? ஆடினாள்ல?”

“பாத்தேன் மாமா.”

“ரெண்டு தடவை.”

“ஆமா மாமா. ரெண்டு தடவை.”

“அடுத்த மாசமும் வரேன். எழுதிப் போட்டு வைங்க, லேட்டானாலும் பரவாயில்ல.” பஸ் படியில் ஒரு காலை வைத்தவர் இறங்கி வந்தார். “அதுவரைக்கும் விழாம பாத்துக்குங்க.”

“சரி மாமா,” என்றேன்.